மேய்கிற மீனும் வளர்கிற பவளமும்

2003இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்த பிறகு டோரியை அறியாத பிள்ளைகள் சென்னையில் குறைவு. நீல உடல், கறுப்புப் பட்டை, மஞ்சள் வால். தாம்பரத்தை அடுத்த நம் இரும்புலியூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் பைகளிலும் பென்சில் பெட்டிகளிலும்கூட அதைப் பார்க்கலாம். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதை ‘ப்ளூ டேங்’ என்பார்கள். உயிரியலில் அது சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. டோரியைத் தெரிந்த அளவுக்கு டோரியின் குடும்பத்தை நமக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் கடலில் செய்யும் வேலைக்கும் பவளப்பாறையின் பிழைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. எவ்வளவு தொடர்பு என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தைத் தொகுத்துப் பார்த்து, நம் மன்னார் வளைகுடாவுக்கு அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரும்புலியூரிலிருந்து கிழக்கே நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டரில் கடல் இருக்கிறது. அந்தக் கடலில் பவளத்திட்டு இல்லை. அலைகள் ஆண்டு முழுவதும் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கும் கரை அது. மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் பாலாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பவளத்துக்கு வெயில் ஊடுருவும் நீரும், அசையாத பிடிமானமும் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் பவளத்தைப் பார்க்கத் தெற்கே போக வேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிவைக்கப்பட்ட தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில் இரும்புலியூரைக் கடந்துதான் தெற்கே போகிறது. பாலத்தின் மேல் அது ஊர்ந்து போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் விரிகுடா. குருசடைத் தீவு அங்கிருந்து வெகு அருகில். நம் ஊருக்கும் இந்த மீன்களுக்கும் இடையே உள்ள தூரம் ஓர் இரவு ரயில் பயணம்தான்.

சர்ஜன் மீன் குடும்பத்தில் 80க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அகாந்துரஸ், டீனோகீட்டஸ், செப்ராசோமா, பாராகாந்துரஸ், பிரையோனூரஸ், நாசோ என ஆறு பேரினங்கள். அட்லாண்டிக் கடலில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே வாழ்கின்றன. மற்றவை அனைத்தும் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ளவை. உடல் பக்கவாட்டில் தட்டையானது, தோல் சொரசொரப்பானது, செதில்கள் மிகச் சிறியவை, வாய் சின்னது. வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் உள்ள முள்தான் குடும்பத்துக்கு இந்தப் பெயரை வாங்கித் தந்தது. அகாந்துரஸ் போன்ற நான்கு பேரினங்களில் அது பக்கத்துக்கு ஒன்றாக, பள்ளத்துக்குள் மடிந்து கிடக்கும். மடக்குக்கத்தி போல அதன் பின்முனையில் கீல் இருக்கிறது. கூர்முனை தலைப்பக்கம் பார்த்திருக்கும். மீன் வாலை வளைத்து வீசும்போது முள் விரிந்து வெளியே வரும். நாசோவில் மடங்காத தகடுகள் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ. பிரையோனூரஸில் மூன்று முதல் பத்து வரை. வலையிலிருந்து இவற்றைக் கவனமின்றி எடுத்தால் கை கிழியும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பவளப்பாறை மீன்களில் இது பெரிய குடும்பமில்லை. கோபி மீன்கள், ராஸ் மீன்கள், டாம்சல் மீன்கள் எல்லாம் இன வகையில் இதைப் பல மடங்கு மிஞ்சுகின்றன. ஆனால் பாறைமேட்டில் நீந்தும் மீன்களை எடைபோட்டுப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. இந்தோ-பசிபிக்கின் பல பவளத்திட்டுகளில், மீன்பிடிப்பு அதிகமில்லாத இடங்களில், மொத்த மீன் எடையில் முன்னணியில் நிற்கும் குடும்பங்களில் இது ஒன்று. இனம் குறைவு, எடை அதிகம். எடை அதிகமென்றால் தின்பதும் அதிகம். இவை தின்பது பெரும்பாலும் பாசி என்பதில்தான் இவற்றின் இடம் தீர்மானமாகிறது.

இந்த மீன்களை அறிவுலகுக்குக் கொண்டுவந்ததில் நம் கரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலராக 1785இல் அமர்த்தப்பட்ட பாட்ரிக் ரஸ்ஸல் ஒரு மருத்துவர். விசாகப்பட்டினத்தில் பிடிபட்ட 200 மீன்களைப் படங்களோடு விவரித்து 1803இல் நூல் வெளியிட்டார். உள்ளூர் மீனவர்கள் சொன்ன பெயர்களையும் அவர் விடாமல் குறித்துக்கொண்டார். அதில் ஒரு படத்தை ஆதாரமாக வைத்து 1829இல் பிரெஞ்சு அறிஞர் கூவியே பெயரிட்டதே ‘அகாந்துரஸ் மாட்டா’. சோழமண்டலக் கரை மீனவர் நாவிலிருந்த சொல் இப்படி உலகத்தின் உயிரியல் பட்டியலில் ஏறியது. 1833இல் எட்வர்ட் டர்னர் பென்னெட் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளை வைத்து ‘அகாந்துரஸ் லியூகோஸ்டெர்னன்’ என்ற இனத்தை விவரித்தார். இன்று உலகம் முழுவதும் மீன்தொட்டிக்காரர்கள் ஆசைப்படும் ‘பவுடர் ப்ளூ டேங்’ அதுதான். 1861இல் மீனியலர் குந்தர் இன்னோர் இலங்கை இனத்துக்கு அங்கே காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட்டின் பெயரைச் சூட்டினார். மதராஸ் மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து, பின்னர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ நூல் இன்றும் நம் மீனியல் மாணவர்கள் புரட்டும் நூல்.

அதன்பின் நீண்ட காலம் குழப்பம். ஒரே இனத்துக்குப் பல பெயர்கள், பல இனங்களுக்கு ஒரே பெயர். அதைச் சீராக்கியவர் மீனியலர் ஜான் ராண்டல். 1955, 1956 ஆண்டுகளில் பேரினம் பேரினமாக எடுத்து மறுஆய்வு செய்தார். 2020இல் தொண்ணூற்றாறு வயதளவில் மறையும்வரை பவளப்பாறை மீன்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். இந்தியப் பக்கத்தில், 1947இல் தொடங்கப்பட்டு நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி முதன்மையானது. எஸ். ஜோன்ஸும் எம். குமரனும் 1980இல் வெளியிட்ட லட்சத்தீவு மீன்கள் நூல் 603 இனங்களை விவரிக்கிறது. அதற்கும் முன்பே, 1927இல், சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே ஒரு தனி இதழ் வெளியிட்டது. பவளத்தைப் பற்றிய அறிவு சென்னைக்கு வெளியூர்ச் சரக்காக ஒருபோதும் இருந்ததில்லை.

இவற்றின் பழமைக்குச் சான்று இத்தாலியின் மான்டே போல்கா. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் காலப் பாறைகளில், சர்ஜன் மீன்களின் மூதாதைகள் முள்ளும் துடுப்பும் தெரியப் பதிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒரு பேரினத்துக்கு ராண்டலின் நினைவாக இயோராண்டாலியஸ் என்று பெயர். இன்றைய பவளப்பாறை மீன் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அங்கே ஒன்றாகக் கிடக்கிறார்கள். பாசியைத் தரையோடு மேயும் மீன்கள் பெருகியதும் ஆழம் குறைந்த பாறைமேடுகளில் இன்று நாம் காணும் பவள உலகம் உருவானதும் சேர்ந்தே நடந்தவை என்று பவளப்பாறை ஆய்வாளர் டேவிட் பெல்வுட் போன்றோர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. நெருங்கிய உறவினரில் ஒன்று மூரிஷ் ஐடல். இன்னொன்று லூவார், அது பவளத்தையே விட்டு நடுக்கடலுக்குப் போய்விட்ட மீன்.

பிறப்பும் வளர்ப்பும் இந்தக் குடும்பத்தில் வியப்பானவை. பல இனங்கள் அந்தி நேரத்தில் கூட்டமாகத் திரண்டு, நீர்மேல் நோக்கிப் பாய்ந்து முட்டையும் விந்தும் விடுகின்றன. ராண்டல் ஹவாயில் ஆராய்ந்த வரிச் சர்ஜனின் முட்டை முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு பாறையை விட்டுத் திறந்த கடலுக்குப் போய் மிதவையுயிர்களைத் தின்று வளர்கிறது. பல வாரங்கள், சில இனங்களில் இரண்டு மாதங்களுக்கு மேலும், அந்த வாழ்க்கை நீடிக்கும். திரும்பி வரும்போது வெள்ளித் தகடு போன்ற ஒளி ஊடுருவும் குஞ்சாக இரவில் பாறையில் இறங்கும். அடுத்த சில நாள்களுக்குள் நிறம் ஏறும், உருவம் மாறும், குடல் நீளும். மிதவையுயிர் தின்ற குஞ்சு பாசி தின்னும் மீனாகிவிடும். வரிச் சர்ஜன் நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ள மீன். அலை மோதும் ஆழமற்ற பாறைகளில் வெளிர் உடலில் கறுப்புக் கோடுகளோடு கூட்டமாகத் திரியும்.

வளர்ச்சியைப் பற்றி 1996இல் ஹோவர்ட் சோட்டும் லெனோர் ஆக்ஸும் வெளியிட்ட ஆய்வு பலருக்கு அதிர்ச்சி தந்தது. மீனின் காதுக்கல்லில் ஆண்டுதோறும் விழும் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். முதல் சில ஆண்டுகளிலேயே மீன் தன் முழு நீளத்தை நெருங்கிவிடுகிறது. பிறகு அதே உருவத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்கிறது. இதன் பொருள் சாதாரணமானதல்ல. கையளவு மீன் என்று நினைத்துப் பிடிப்பது நம்மில் பலரைவிட மூத்ததாக இருக்கலாம். உருவத்தை வைத்து வயது சொல்ல முடியாது. எனவே இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்காதே என்ற வழக்கமான மீன்வள விதி இங்கே பாதிதான் பயன்படும். நாற்பது ஆண்டு வாழ்கிற உயிர் ஒவ்வோர் ஆண்டும் வெற்றிகரமாகக் குஞ்சு சேர்க்கத் தேவையில்லாதபடி அமைந்தது. மூத்த மீன்களை வாரிவிட்டால் அந்த ஏற்பாடு முறிந்துபோகும்.

இனி முக்கியமான பகுதி: உணவு. சர்ஜன் மீன்கள் பாசி தின்னும் என்ற ஒற்றை வரியோடு பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. அந்த வரி தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். குடும்பத்துக்குள்ளேயே வேலைப் பிரிவினை மிகக் கூர்மையானது.

அகாந்துரஸில் ஒரு பிரிவு பாறையோடு ஒட்டி வளரும் குட்டைப்பாசியை நறுக்கித் தின்னும். வரிச் சர்ஜன், நீலமும் மஞ்சளும் கோடிட்ட லினியேட்டஸ் போன்றவை அந்த வகை. இன்னொரு பிரிவின் இரைப்பை தடித்த தசையுள்ளது. மணலையும் சேர்த்து விழுங்கி அதை வைத்தே உணவை அரைத்துக்கொள்ளும். குடும்பத்தின் பெரிய மீன்களில் ஒன்றான, 70 சென்டிமீட்டர் வரை வளரும் சாந்தாப்டெரஸ் அப்படிப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. டீனோகீட்டஸ் பற்கள் சீப்பின் பற்களைப் போல வளைந்து நெளியக்கூடியவை. அவற்றால் பாசியைக் கடிக்க முடியாது; பாசிக்கிடையில் படிந்த தூசும் மக்கலும் நுண்ணுயிர்களும் அவற்றின் உணவு. நாசோவின் சில இனங்கள் சர்காசம் போன்ற பெரிய பழுப்புப் பாசிகளைக் கொத்தாகக் கடித்து இழுக்கும். வேறு சில நாசோக்களும், ரஸ்ஸல் வழியாகப் பெயர் பெற்ற மாட்டாவும், நம் டோரியும் நடுநீரில் மிதவையுயிர் பிடிப்பவை. பாறைப் பாசிக்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு. ஆகவே ஒரு திட்டில் சர்ஜன் மீன் நிறைய இருக்கிறது என்று எழுதிவிட்டால் அங்கே பாசி கட்டுக்குள் இருக்கிறது என்று பொருளாகாது. எந்தச் சர்ஜன் மீன் என்பதுதான் கேள்வி.

நடத்தையிலும் அப்படியே. லினியேட்டஸ் தனக்கென்று ஒரு பாசித்தரையை வளைத்துக்கொண்டு மற்ற மீன்களை விரட்டும். வரிச் சர்ஜன்கள் தனியாகப் போனால் அடிபடும். எனவே நூற்றுக்கணக்கில் திரண்டு போய்க் காவலை மீறி மேய்ந்துவிட்டு நகர்ந்துவிடும். காவலன் ஒன்றைத் துரத்தும் நேரத்தில் மற்றவை வயிறு நிரப்பிக்கொள்ளும். கூட்டம் சிறுத்தால் இந்த உத்தி பலிக்காது. எண்ணிக்கை பாதியானால் மேய்ச்சலும் பாதியாகும் என்று கணக்குப் போடக்கூடாது. அதற்கும் கீழே இறங்கிவிடலாம். இன்னொரு விநோதம்: அந்தமான் கடலில் வாழும், ராண்டல் 1993இல் பெயரிட்ட டிரிஸ்டிஸ் என்ற இனத்தின் குஞ்சுகள் ஒரு குள்ள ஏஞ்சல் மீனைப் போலவே நிறம் பூண்டு திரிகின்றன, வளர்ந்ததும் வேடம் கலைந்துவிடும்.

பாசியைச் செரிப்பது எளிதல்ல. அதற்குக் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உதவி வேண்டும். செங்கடலில் நைக்ரோஃபஸ்கஸ் என்ற பழுப்புச் சர்ஜன் மீனின் குடலில் 1985இல் ஒரு விந்தை உயிர் கண்டறியப்பட்டது. வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய, அரை மில்லிமீட்டரைத் தாண்டும் ஒற்றைச் செல் அது. இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்க முடியாது என்று முதலில் நினைத்தார்கள். 1993இல் மரபணுச் சோதனை அது பாக்டீரியாதான் என்று காட்டியது. எபுலோபிஷியம் என்று பெயர். பாக்டீரியாவின் உருவத்துக்கு இயற்கை வைத்த எல்லை எது என்ற பாடமே அந்தக் கண்டுபிடிப்பால் திருத்தி எழுதப்பட்டது. ஒரு மீனின் குடலிலிருந்து அது கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

இப்போது விவாதத்துக்கு வருவோம். பவளத்துக்கும் பாசிக்கும் இடத்துக்காக ஓயாத போட்டி. பவளக் குஞ்சு மிதந்து வந்து வெறும் பாறையில்தான் ஒட்டும். பாசி மூடியிருந்தால் இடமில்லை. மேய்கிறவை அந்த வெறும் பாறையைத் திறந்து வைக்கின்றன. இந்தக் கருத்துக்கு மிகப் பெரிய சான்றாக ஜமைக்கா காட்டப்படுகிறது. அங்கே பல தலைமுறை மீன்பிடிப்பில் கிளிமீனும் சர்ஜன் மீனும் குன்றியிருந்தன. மேய்ச்சல் முழுவதும் ஒரு கடல் முள்ளெலி இனத்தின் கையில் இருந்தது. 1983–84இல் நோய் வந்து கரீபியன் முழுவதும் அந்த முள்ளெலிகள் மடிந்தன. 1970களின் இறுதியில் பாதிக்கும் மேல் உயிர்ப்பவளமாக இருந்த ஜமைக்கா திட்டுகள், 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்ப் பாசிக்காடாயின. பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் இதை எழுதியபோது உலகம் விழித்துக்கொண்டது. ஒரே உயிரை நம்பி மேய்ச்சலை விட்டுவைத்ததன் விலை அது.

ஆஸ்திரேலியாவில் ஆர்ஃபியஸ் தீவில் நடந்த சோதனை இதை இன்னும் நுணுக்கமாக்கியது. 1998 வெப்ப அலைக்குப் பின் பாறையின் சில பகுதிகளைக் கூண்டிட்டு, பெரிய மீன்கள் வராமல் தடுத்தார்கள். உள்ளே சர்காசம் காடாக வளர்ந்தது, பவளம் மீளவில்லை. வெளியே பவளம் மீண்டது. பிறகு கூண்டுகளைப் பிரித்துவிட்டு யார் வந்து காட்டை அழிக்கிறார்கள் என்று கேமரா வைத்துப் பார்த்தார்கள். கிளிமீனும் சர்ஜன் மீனும் வந்து முடிக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். காட்டைத் தின்று தீர்த்தது, பாசி தின்னும் என்று யாரும் எண்ணியிராத பிளாட்டாக்ஸ் என்ற வவ்வால் மீன். 2006இல் வெளியான இந்த முடிவு ஒரு பாடம் சொன்னது: பாசி முளைக்காமல் காப்பது ஒரு வேலை, முளைத்து மரமானதை வெட்டுவது வேறு வேலை. முதல் வேலை பெரும்பாலான சர்ஜன் மீன்களுடையது. இரண்டாவதில் நாசோ போன்ற சிலவே வல்லவை. லிஸார்ட் தீவில் 2009இல் வெளியான ஆய்வில் சர்காசத்தைக் கடித்த கடிகளில் பெரும்பகுதி ஒற்றைக் கொம்பு நாசோவினுடையது.

மறுப்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. 2016இல் கடல் வெப்பத்தால் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டு வெளுத்தபோது, மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டு மேய்ச்சல் மீன்கள் நிறைந்திருந்த பகுதிகளும் மற்றவற்றைப் போலவே வெளுத்தன. ஹியூஸே 2017இல் அதைப் பதிவு செய்தார். கடல் கொதித்தால் எந்த மீனும் பவளத்தைக் காப்பாற்றாது. இன்னொரு மறுப்பு, காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறது: பவளம் செத்து பாசி பெருகினால் அதைத் தின்னும் சர்ஜன் மீன்களும் பெருகுகின்றன, அவை நிறைய இருப்பது திட்டின் நலத்துக்கு அடையாளம் ஆகாது, பவளத்தின் சாவுக்கு அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டையும் ஏற்றுக்கொண்ட பிறகும் மேய்ச்சலின் இடம் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. வெளுப்பின்போது மேய்ச்சலால் பயனில்லை. வெளுப்புக்கும் அடுத்த வெளுப்புக்கும் இடையில் கிடைக்கும் சில ஆண்டுகளில், புதிய பவளம் ஒட்ட இடம் இருக்குமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அந்த இடைவெளி சுருங்கச் சுருங்க அதன் மதிப்பு கூடுகிறது.

வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் கடலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பாசிக்கிடையில் வண்டல் தங்கினால் மேய்ச்சல் மீன்கள் அங்கே வாய் வைப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. பெல்வுட்டும் ஃபுல்டனும் 2008இல் இதைச் சோதித்தார்கள். வண்டலை நீக்கியதும் மீன்கள் திரும்பி வந்து மேய்ந்தன. டீனோகீட்டஸ்தான் அந்த வண்டலைத் தினந்தோறும் துடைத்து ஆழத்தில் கொண்டுபோய்க் கழிக்கும் மீன். ஆக, கலங்கிய கடலில் மீனைப் பிடிக்காமல் விட்டால் மட்டும் போதாது. மீன் இருக்கும், மேயாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை சங்கிலியாகக் கிடக்கின்றன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 117 பவள இனங்களைப் பதிவு செய்திருக்கிறது. 2016 வெளுப்புக்கு முன் 38.9 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, பின் 22.7 ஆனது என்று அதே நிறுவனத்தின் கணக்கு. ஆறில் ஒரு பங்குத் தரை ஒரே கோடையில் வெறும் எலும்புக்கூடானது. அந்த எலும்புக்கூட்டின் மேல் முதலில் ஏறியது பாசி.

அதை மேய யார் இருக்கிறார்கள்? இங்கே ஆழம் குறைவு, நீர் கலங்கல், கரை பக்கம். மாலத்தீவு, லட்சத்தீவு போல் சர்ஜன் மீன்கள் படை படையாய்த் திரியும் தெளிந்த கடல் இதுவல்ல. கீழக்கரை, மண்டபம் பக்கம் கடலடிப் பாறையான பாரில் வைக்கும் மீன்பிடிக் கூட்டில் கலவா, விளமீனோடு சேர்ந்து விழும் மேய்ச்சல் மீன்கள் ஓராவும் கிளிமீனும்தான். மேய்ச்சலின் பெரும்பங்கு அவற்றின் தலையில் இருக்கிறது. சர்ஜன் மீன்கள் துணை நிற்கின்றன. ஜமைக்கா சொன்ன பாடம் இங்கே கூர்மையாகக் குத்துகிறது. மேய்ப்பவர் எண்ணிக்கை குறைவாக உள்ள கடலில் ஒரு வகையை இழந்தால் ஈடுகட்ட ஆளில்லை. ஓரா விலைபோகும் மீன், ருசியான மீன். கூட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இழுவைப்படகு கலக்கிவிடும் வண்டலோடு ஒப்பிட்டால் கூட்டுத்தொழில் மென்மையானது. ஆனால் கூட்டின் கண்ணளவும், எந்தப் பாரில் எந்த மாதம் வைப்பது என்பதும் அந்த மீனவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை.

இக்கடலில் இன்னொரு மேய்ச்சலும் நடக்கிறது. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் பல தலைமுறையாகத் தீவோரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறார்கள். கட்டக்கோரை என்பது சர்காசம். நாசோ இல்லாத திட்டில் அதை எடுப்பது அவர்கள் கைகள். மாதத்தில் சில நாள்கள் மட்டும் பறிப்பது என்ற கட்டுப்பாட்டை அவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூங்கா விதிகளுக்கும் அவர்கள் பிழைப்புக்கும் இடையே உரசல் இருந்து வருகிறது. பவளத்தின் மேல் கால் வைப்பதால் வரும் சேதமும், பாசியை எடுப்பதால் வரும் நன்மையும் ஒரே தராசில் வைத்து அளக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்ப்பக்கத்தில் கப்பாஃபைகஸ். வருமானத்துக்காக மண்டபம் கரையில் வளர்க்கத் தொடங்கிய இந்த வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் உயிர்ப்பவளத்தின் மேலேயே பாய் விரித்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் தடித்த தண்டைக் கடித்துக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அங்கே மேய்ச்சல் பலம் இல்லை என்பதையே அந்தப் பரவல் காட்டியது.

லட்சத்தீவு இதற்கு நேர் மாறான வரலாறு உடையது. அங்குள்ளோர் சூரையைத் தூண்டிலில் பிடித்து வாழ்ந்தார்கள். பவளப்பாறை மீன் தப்பியது. 1998 வெளுப்பில் பெரும் பவளம் செத்த பின்னும் அங்கே பல திட்டுகள் பாசிக்காடாகாமல் மீண்டதற்கு, குறையாதிருந்த மேய்ச்சல் மீன்கள் ஒரு காரணம் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ரோஹன் ஆர்தர் குழு நீண்ட காலமாக எழுதிவருகிறது. ஆனால் 2010, 2016 வெளுப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1998இல் 37 விழுக்காட்டளவில் இருந்த பவளப் பரப்பு 2022இல் 19 அளவுக்கு இறங்கியது என்று அதே குழுவின் கணக்கு சொல்கிறது. சுற்றுலா வளர வளரப் பாறை மீன் பிடிப்பும் அங்கே கூடிவருகிறது. மேய்ச்சல் இருந்தும் வெப்பம் வெல்லத் தொடங்கியிருக்கும் இடம் அது. அங்கே இனி மேய்ச்சலையும் இழந்தால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

மீன்தொட்டி வணிகத்தைப் பற்றிச் சுருக்கமாக. சர்ஜன் மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தே விற்கப்படுகின்றன. மஞ்சள் டேங்கை 2015இலும் ப்ளூ டேங்கை 2016இலும் அமெரிக்க ஆய்வகங்கள் முதன்முதலாகத் தொட்டியில் இனப்பெருக்கி வளர்த்தன. நீண்ட குஞ்சுப் பருவம்தான் அதுவரை தடையாக இருந்தது. ஹவாயில் மேற்குக் கரையின் 35 விழுக்காட்டை 2000ஆம் ஆண்டையொட்டி மீன்தொட்டிக்காரர்களுக்கு மூடிய பின் மஞ்சள் டேங் பெருகியது. ஒரு குஞ்சு பெற்றோரிடமிருந்து 184 கிலோமீட்டர் மிதந்து போனதை 2010இல் மரபணு வழியே காட்டினார்கள். ஒரு திட்டைக் காத்தால் தொலைவில் இன்னொன்றுக்கும் குஞ்சு போகும் என்பதற்கு அது உறுதியான சான்று. இந்தியச் சட்ட அட்டவணையில் 2001இல் பவளமும் கடற்குதிரையும் கடலட்டையும் ஏறின. சர்ஜன் மீன்கள் ஏறவில்லை. ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், பல ஆண்டுகள் வாழும், நாளெல்லாம் நீந்தும். இரும்புலியூர் அடுக்குமாடியின் வரவேற்பறைத் தொட்டிக்குள் அதை அடைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டால் ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றி, மண்டபத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போகலாம்.

தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு அரிக்கப்பட்டுப் போகாமலிருக்க 2015 முதல் துளையிட்ட சிமெண்ட் அமைப்புகள் கடலில் இறக்கப்பட்டன. காரியச்சல்லித் தீவுக்கும் அத்தகைய திட்டம் வந்திருக்கிறது. அலையைத் தடுப்பதோடு புதிய பவளம் ஒட்டும் தரையாகவும் அவை அமைய வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். புதிய சிமெண்டின் மேல் முதலில் வருவது பாசிப்படலம். எந்த மீன், எந்த நேரத்தில், ஒரு சதுர மீட்டரில் எத்தனை முறை வாய் வைக்கிறது, படலத்தில் எவ்வளவு வண்டல் தங்கியிருக்கிறது, அருகிலுள்ள கூட்டில் அந்த மாதம் எத்தனை ஓராவும் கிளிமீனும் சர்ஜன் மீனும் விழுந்தன என்ற கணக்குகளும் பவளப் பரப்பின் விழுக்காட்டோடு சேர்ந்து ஆண்டறிக்கையில் வர வேண்டும். நீருக்கடியில் வைக்கும் கேமராவும், கூட்டுக்காரர் ஒருவரின் நோட்டுப் புத்தகமும் இதற்குப் போதும்.